ஈல் ஆற்றை ஒட்டி ஒரு நாள்: பால்பண்ணைகளிலிருந்து ரெட்வுட் காட்டுக்குச் சைக்கிளில்

வடகலிஃபோர்னியாவின் யுரேகா நகரிலிருந்து காலையில் புறப்பட்டு, பால்பண்ணை நிலங்களையும் ரெட்வுட் காடுகளையும் கடந்து, அன்று மாலைக்குள் கார்பர்வில் போய்ச் சேர முடியுமா என்றும், கூடாரமும் சமையல் அடுப்பும் ஏற்றிய சைக்கிளுக்கு 110 கிலோமீட்டர் அதிகமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஓரளவு பழக்கமுள்ளவருக்கு அந்தத் தூரம் அதிகமும் இல்லை. ஆனாலும் அவ்வாறு செய்யாதீர்கள் என்பதே என் பதில். முதல் முறை நான் அப்படித்தான் சென்றேன். காட்டுக்குள் நுழைந்தபோது பிற்பகல் மூன்றரை மணி ஆகியிருந்தது. அதன் பிறகு மரங்களைப் பார்த்ததைவிட கைக்கடிகாரத்தைப் பார்த்ததே அதிகம். இரண்டாம் முறை முதல் நாளை யுரேகாவிலிருந்து ஃபெர்ண்டேல் வரையிலான 32 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, மறுநாள் முழுவதையும் ஃபெர்ண்டேலிலிருந்து பர்லிங்டன் முகாம் வரையிலான சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒதுக்கினேன். நான் இங்கே விவரிப்பது அந்த இரண்டாம் நாளைத்தான்.

முதலில் திசை. இந்தக் கரையில் கோடைக்காலம் முழுவதும் வடமேற்கிலிருந்து காற்று வீசுவதால், நெடுந்தூரம் செல்பவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே செல்கிறார்கள். அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன் வரைபடமாக வெளியிடும் பசிபிக் கரை வழித்தடமும் கனடாவின் வான்கூவரில் தொடங்கி மெக்சிகோ எல்லையை நோக்கித்தான் இறங்குகிறது. நீங்கள் கார்பர்விலிலிருந்து யுரேகாவுக்கு வருவது பற்றியும் யோசித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். பிற்பகலில், ஆற்றுச் சமவெளியின் திறந்த புல்வெளிகளில், எதிர்க்காற்றில் பெடல் மிதிப்பது ஏற்றத்தில் ஏறுவதைவிடச் சலிப்பான வேலை.

ஃபெர்ண்டேல், ஈல் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் தென்பக்கத்தில் இருக்கிறது. 1852இல் குடியேற்றம் தொடங்கிய இந்த ஊருக்கு டென்மார்க்கிலிருந்தும், போர்ச்சுகலிலிருந்தும், சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பால்பண்ணை நடத்திச் செல்வம் சேர்த்தன. அந்தப் பணத்தில் எழுந்த, மரச் சித்திரவேலைப்பாடுகள் நிறைந்த விக்டோரியக் காலத்து வீடுகளை ஊரார் ‘வெண்ணெய் அரண்மனைகள்’ என்றே அழைத்தார்கள். அவற்றில் பல இன்றும் வண்ணம் மங்காமல் நிற்கின்றன. ஆனால் சைக்கிளில் வருபவருக்கு வீடுகளைவிட அவற்றைச் சூழ்ந்த புல்வெளிதான் முக்கியம். கலிஃபோர்னியாவின் பெரும்பகுதி கோடையில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும்போது, இந்தக் கழிமுகம் மட்டும் பச்சையாகவே இருக்கிறது. கடலின் குளிர்ந்த நீர்மேல் உருவாகும் மூடுபனி இரவில் உள்ளே வந்து, காலை பத்து, பதினொரு மணி வரை நிலத்தின் மேல் படிந்திருப்பதும், ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டலும் அதற்குக் காரணங்கள். இந்த இரண்டையும், மூடுபனியையும் வண்டலையும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் காட்டுக்குள்ளும் இவையே வரும்.

ஃபெர்ண்டேலுக்கு நீங்கள் வரும் வழியில் ஆற்றைக் கடக்கும் ஃபெர்ன்பிரிட்ஜ் என்ற கான்கிரீட் வளைவுப் பாலம் 1911இல் கட்டப்பட்டது. 1,320 அடி நீளம். குதிரை வண்டிகளின் காலத்து அகலம் என்பதால் சைக்கிளுக்கென்று ஓரம் எதுவும் கிடையாது. பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து ஏறி, தடத்தின் நடுவிலேயே செல்லுங்கள். ஓரமாக ஒதுங்கினால், இடமில்லாத இடத்தில் முந்திச் செல்ல ஓட்டுநர்களை நீங்களே அழைத்தது போலாகிவிடும். 1955, 1964 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களை இந்தப் பாலம் தாங்கி நின்றது. 2022 டிசம்பர் 20 அன்று இப்பகுதியை 6.4 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியபோது சேதமடைந்து, மூடப்பட்டு, பின் திறக்கப்பட்டது. மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் இடம் இந்தக் கரைக்கு மிக அருகில் இருப்பதால், நிலம் அசைவது இங்கே புதுமையல்ல.

(மிதித்துச் செல்பவர்கள்மேல் இந்த ஊருக்கு ஒரு தனிப் பிரியமும் உண்டு. ஹோபார்ட் பிரவுன் என்ற சிற்பி தன் மகனின் மூன்று சக்கர வண்டியை ஐந்து சக்கரங்கள் கொண்ட விசித்திரமாக மாற்றப்போய், 1969இல் ஃபெர்ண்டேல் தெருவில் ஒரு பந்தயம் தொடங்கியது. மனித ஆற்றலால் மட்டுமே நகரும் பிரம்மாண்டச் சிற்பங்கள் தரையிலும் மணலிலும் நீரிலும் மூன்று நாட்கள் ஓடி ஃபெர்ண்டேலில் முடியும் போட்டியாக அது வளர்ந்துவிட்டது. மே மாத இறுதியில் வந்தால் பார்க்கலாம். தங்க இடம் கிடைப்பதுதான் அரிது.)

ஃபெர்ண்டேலிலிருந்து எட்டு மணிக்குள் புறப்படுங்கள். வழக்கமாகச் செல்பவர்கள் மறுபடி பாலத்தைக் கடந்து 101ஆம் நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்கள். அதைவிட நல்ல வழி, ஊரின் கிழக்கே கிரிஸ்லி பிளஃப் சாலையில் தொடங்கி, பிறகு புளூ ஸ்லைட் சாலை வழியாக ஆற்றின் தென்கரையிலேயே ரியோ டெல் வரை செல்வது. முதல் பத்துக் கிலோமீட்டர் ஏறக்குறைய மேசைபோல் தட்டை. இருபுறமும் ஜெர்சி மாடுகள் மேயும் வெளிகள், மழையில் நரைத்த மரக் களஞ்சியங்கள், பனியில் பாதி மறைந்த மின்கம்பங்கள். பாதை வளைய வளைய முன்னால் ஒரு பண்ணை தெளிவாகும்போது பின்னால் இருந்தது வெண்மைக்குள் மறைந்துவிடும். மாடுகள் சைக்கிளைக் கண்டால் மேய்வதை நிறுத்திவிட்டு வேலிவரை நடந்து வந்து பார்க்கின்றன. காரில் செல்பவர்களுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. பால் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகள் காலை நேரத்தில்தான் வரும் என்பதால், பனி விலகும்வரை முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும்.

புளூ ஸ்லைட் என்ற பெயர் அங்கே அடிக்கடி சரியும் நீலச் சாம்பல் நிற மண்ணிலிருந்து வந்தது. சமவெளி முடிந்து மலை ஆற்றை நெருக்கும் இடத்தில் சாலை மேலேறி இறங்கத் தொடங்குகிறது. மொத்த ஏற்றம் பெரிதல்ல, ஆனால் சில துண்டுகள் சுமையோடு எழுந்து நின்று மிதிக்கவைக்கும் அளவுக்குச் செங்குத்தானவை. மழைக்காலத்துக்குப் பிறகு மண்சரிவால் சாலை மூடப்படுவதும் உண்டு. ஃபெர்ண்டேலில் ஏதேனும் ஒரு கடையில் கேட்டுவிட்டுப் புறப்படுவது கைப்பேசியில் தேடுவதைவிட நம்பகமானது. உச்சியில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுவதும் பனியின் கீழ் மூழ்கிக் கிடப்பது தெரியும்.

ரியோ டெல் சிறிய ஊர். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நிறுத்த இதுவே சரியான இடம், ஏனெனில் அடுத்த நல்ல கடைக்கு வெகுதூரம் போகவேண்டும். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஸ்கோஷியா. ஒரு மரம் அறுக்கும் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டி, வீடுகள், கடை, திரையரங்கம் என யாவற்றையும் தானே உடைமையாக வைத்திருந்த ஊர் அது. நிறுவனம் இந்த நூற்றாண்டின் முதற்பகுதியில் திவாலாகிக் கைமாறிய பிறகு, வீடுகள் தனித்தனியே விற்பனைக்கு வந்தன. ரெட்வுட் பலகையால் கட்டிய ரெட்வுட் ஊர் என்பதால், காட்டுக்குள் நுழையுமுன் அதன் தெருவை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவருவது பொருத்தமானது.

ஸ்கோஷியாவுக்குப் பின் வருவது அந்த நாளின் மிகக் கடினமான பகுதி. ஏற்றத்தால் அல்ல, வாகனங்களால். வேறு சாலை இல்லாததால் சுமார் எட்டுக் கிலோமீட்டர் தூரம் 101இல்தான் சென்றாகவேண்டும். அங்கே சைக்கிளுக்கு அனுமதி உண்டு. பெரும்பகுதியில் அகலமான ஓரப்பட்டை இருக்கிறது. ஆனால் மரக்கட்டை ஏற்றிய லாரிகள் கடக்கும்போது முதலில் காற்று தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். கைப்பிடியைத் தளர்வாக, ஆனால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரப்பட்டையில் லாரி டயரின் கிழிசல்களும், அவற்றிலிருந்து பிரிந்த முடிபோன்ற கம்பித் துணுக்குகளும் கிடக்கும். இந்தப் பயணத்தில் எனக்கு ஏற்பட்ட இரண்டு பங்க்சர்களும் இந்த எட்டுக் கிலோமீட்டரில்தான். கற்களைவிட இந்தக் கம்பிகளே டயரை ஊடுருவுகின்றன. புதிய டியூப் மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்துக் கம்பியை எடுக்காவிட்டால், பத்து நிமிடத்தில் அதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

பெப்பர்வுட் அருகே ‘அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ்’ என்ற பலகையைப் பார்த்து வெளியேறியவுடன் அந்த இரைச்சல் நின்றுவிடுகிறது. 254ஆம் எண் கொண்ட இந்த மாநிலச் சாலை, தெற்கே ஃபிலிப்ஸ்வில் வரை சுமார் 31 மைல், அதாவது 50 கிலோமீட்டர் செல்கிறது. இதுவே ஒருகாலத்தில் 101ஆம் நெடுஞ்சாலையாக இருந்தது. 1960 வாக்கில் புதிய விரைவுச்சாலையை மரங்களுக்கு அப்பால் அமைத்து, பழைய இருவழிச் சாலையை மரங்களிடமே விட்டுவிட்டார்கள். மரங்கள் சாலையின் வெள்ளைக் கோட்டிலிருந்து ஓரடி, ஈரடி தள்ளி நிற்கின்றன. சிலவற்றில் பழைய வாகனங்கள் உரசிய தழும்புகள் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சாலையின் ஆபத்து வேகம் அல்ல, வெளிச்சம். கடும் வெயிலிலிருந்து நுழைந்த சில நொடிகளுக்குக் கண் எதையும் பிரித்தறியாது. உங்களுக்குப் பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அப்படித்தான். அதோடு அவர் சாலையைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், பகலானாலும் பின்விளக்கை அணைக்காதீர்கள், மரத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றினால் இறங்கி நின்று பாருங்கள்.

ரெட்வுட் என்பதைச் ‘செம்மரம்’ என்று மொழிபெயர்ப்பதை நான் தவிர்க்கிறேன். நம் செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இதுவோ ஊசியிலை மரம்; ஒரேகானின் தென்மேற்கு மூலையிலிருந்து கலிஃபோர்னியாவின் நடுக்கரை வரை, கடலை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. உலகிலேயே உயரமான மரம் இந்த இனத்தில்தான் இருக்கிறது. வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்காவில் 2006இல் கண்டறியப்பட்ட ஹைப்பீரியன் என்ற மரம் சுமார் 116 மீட்டர். அதைத் தேடிக் காட்டை மிதித்துச் சென்றவர்களால் அடிமண் பாழானதால், அங்கே செல்வதற்கு இப்போது தடை இருக்கிறது. அந்த இழப்பைப் பெரிதாக எண்ணவேண்டாம். நூறு மீட்டருக்கு மேல் எது உயரம் என்று கழுத்தால் அளக்க முடியாது.

இத்தனை உயரத்துக்கு நீரை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்விக்கு விடை காலையில் நீங்கள் கடந்த மூடுபனிதான். கோடையில் இங்கே மழை ஏறக்குறைய இல்லை. பனி இலைகளில் படிந்து துளியாகி வேர்மேல் சொட்டுகிறது. ஓரளவை இலைகளே நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. வடகலிஃபோர்னிய ரெட்வுட் காடுகளில் நடந்த ஓர் ஆய்வில், காட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு நீரில் மூன்றில் ஒரு பங்கு பனியிலிருந்து வருவதாகக் கணக்கிட்டார்கள். அடுத்தது வண்டல். ரெட்வுட்டின் வேர்கள் ஆழமானவை அல்ல, பக்கவாட்டில் முப்பது மீட்டர்வரை பரந்து அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்பவை. வெள்ளம் அடிமரத்தை மண்ணால் மூடினால் பெரும்பாலான மரங்கள் மூச்சுத்திணறி இறக்கும். ரெட்வுட்டோ புதைந்த தண்டிலிருந்தே புது மண்ணுக்குள் புது வேர்களை விடுகிறது. போட்டி மரங்களை வெள்ளமே அகற்றிவிடுவதால் மிக உயர்ந்த மரங்கள் ஆற்றோர வண்டல் திட்டுகளில் நிற்கின்றன. ஃபெர்ண்டேலின் புல்லும் இந்த மரங்களும் ஒரே ஆறு வளர்த்த பிள்ளைகள்.

டயர்வில்லில் இறங்கி சைக்கிளைப் பூட்டிவிட்டு ஃபவுண்டர்ஸ் குரோவில் நடந்துசெல்லுங்கள். முக்கால் கிலோமீட்டர் சுற்றுப்பாதை, சைக்கிளுக்கு அனுமதியில்லை. அங்கே டயர்வில் ஜயண்ட் என்ற ரெட்வுட் மரம் விழுந்து கிடக்கிறது. 1991 மார்ச்சில் அது சாய்ந்தபோது எழுந்த ஓசையை அரை மைலுக்கு அப்பால் கேட்டவர் ரயில் விபத்து என்று எண்ணினாராம். சுமார் 110 மீட்டர் நீளமும் தரையில் கிடையாக இருப்பதால், நின்ற மரங்களில் புரியாத அளவு இதில் புரிகிறது. நான் வேர் முனையிலிருந்து நுனியை நோக்கி நடந்தபோது, நடுவழியில் என்னையறியாமல் ஒருமுறை நின்று மூச்சுவாங்கினேன். அடிமண்ணெங்கும் புளியாரையின் உறவான ஒரு செடி படர்ந்திருக்கிறது. அதே மூவிலை, அதே புளிப்பு. நேரடி வெயில் ஒரு கீற்று விழுந்தாலும் குடைபோல மடங்கிக்கொள்ளும்.

1917இல் இந்தச் சாலையில் வந்த ஜான் மெரியம், மேடிசன் கிராண்ட், ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன் ஆகிய மூவரும் மரங்கள் திராட்சைக் கொடிக்கு முட்டுக்கம்புகளாகவும் கூரை ஓடுகளாகவும் பிளக்கப்படுவதைக் கண்டு, 1918இல் ‘சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மேடிசன் கிராண்ட் மனிதரை இனத்தால் தரம்பிரித்து எழுதி, பெருந்தீங்கு விளைவித்தவர் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது; காட்டைக் காத்தவர்களின் பட்டியல் தூய்மையானதல்ல. உள்ளூர்ப் பெண்கள் சங்கங்களும் இதற்காக உழைத்தன. 1921இல் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா உருவாயிற்று. பின்னர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 20 லட்சம் டாலர் கொடுக்க, புல் கிரீக் ஓடையின் பெருங்காடு வாங்கப்பட்டது. எஞ்சியிருக்கும் தொன்மையான ரெட்வுட் காடுகளில் தொடர்ச்சியாக உள்ள மிகப்பெரியது அதுவே. சுமார் 10,000 ஏக்கர்.

அங்கே நடந்ததை அறிந்தால் காட்டைப் பார்க்கும் விதம் மாறும். கீழே சமவெளியின் மரங்களைக் காத்தவர்கள், மேலே மலைச்சரிவுகளைத் தனியாரிடமே விட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சரிவுகள் மொட்டையாக வெட்டப்பட்டன. 1955 பெருமழையில் சரிவுகளின் மண்ணும் கல்லும் ஓடையில் இறங்கி, ஓடை கரைகளை அரித்து அகன்றதில், காக்கப்பட்ட பெருமரங்களே நூற்றுக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. மரத்தைக் காக்க அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் காக்கவேண்டும் என்பது அதன் பிறகே உறைத்து, மாநில அரசு மேற்பகுதியையும் வாங்கத் தொடங்கியது. டயர்வில்லிலிருந்து மேற்கே பிரியும் மேட்டோல் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் சென்று இந்தக் காட்டைக் காணலாம். தெம்பிருந்தால் முகாமில் சுமையை இறக்கிவிட்டு மாலையில் வாருங்கள். அதே சாலை மலைகளைத் தாண்டிக் கடற்கரை வழியாக ஃபெர்ண்டேலுக்குத் திரும்புகிறது. அது கடும் ஏற்றங்கள் கொண்ட வேறொரு நாளின் வேலை, இதனோடு சேர்க்காதீர்கள்.

வியாட் ஊரில் சாலையோரம் ஓர் உயரமான கம்பம் நிற்கும். 1964 டிசம்பர் வெள்ளம் எட்டிய மட்டத்தை அதன் உச்சியில் குறித்திருக்கிறார்கள்: தரையிலிருந்து 33 அடி. ஊர் அடித்துச்செல்லப்பட்டு, மேட்டில் மறுபடி எழுந்தது. சைக்கிளில் அமர்ந்தபடி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு வலப்பக்கம் முழங்கால் ஆழத்தில் ஓடும் கோடைக்கால ஈல் ஆற்றைப் பார்த்தால் இரண்டையும் பொருத்திக்கொள்வது சிரமமாக இருக்கும்.

பர்லிங்டன் முகாம் அதிலிருந்து சிறிது தொலைவு. கலிஃபோர்னிய மாநிலப் பூங்காக்களில் நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கு, முன்பதிவு தேவைப்படாத, குறைந்த கட்டண இடங்களைப் பல முகாம்களில் ஒதுக்குகிறார்கள். இந்தப் பூங்காவில் அந்த இடம் எந்த முகாமில் என்பது பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். உணவையும் பற்பசையையும் அங்குள்ள இரும்புப் பெட்டியில் பூட்டுவது கட்டாயம். கரடி வராவிட்டாலும் ரக்கூன் வரும், அது ஜிப்பைத் திறக்கத் தெரிந்த விலங்கு. அருகிலுள்ள பார்வையாளர் மையத்தில் சார்ல்ஸ் கெல்லாக் 1917இல் ஒரே ரெட்வுட் அடிமரத்தைக் குடைந்து செய்த வீட்டுவண்டி இருக்கிறது. மையம் மாலையில் மூடுமுன் போய்ச் சேருவதற்காகவாவது ஃபெர்ண்டேலில் சீக்கிரம் எழுந்திருங்கள்.

எடுத்துச்செல்லவேண்டியவை பற்றிய உங்கள் நீண்ட பட்டியலில் பாதியைக் குறைக்கலாம். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத அகல டயர், இரண்டு டியூப், தாழ்ந்த கியர், மூன்று லிட்டர் தண்ணீர்க் கொள்ளளவு, முழுக்கைக் குளிர்ச்சட்டை ஒன்று போதும். குளிர்ச்சட்டையைக் கேலியாக நினைக்காதீர்கள். கோடையில் ஃபெர்ண்டேலின் காலைக்கும் வியாட்டின் பிற்பகலுக்கும் இடையே பத்து டிகிரிக்கும் அதிகமான வேறுபாடு சாதாரணம். கைப்பேசி அலைவரிசை காட்டுக்குள் நம்பத்தக்கதல்ல, ஆகவே காகித வரைபடம் வேண்டும். இளைப்பாறச் சாலையோரப் புதரில் சைக்கிளைச் சாய்க்குமுன் பளபளக்கும் மூவிலைச் செடி இருக்கிறதா என்று பாருங்கள். பாய்சன் ஓக் தோலில் பட்டால் அரிப்பு இரு வாரம் கூடவே பயணம் செய்யும். மாதம் என்றால் செப்டம்பரைச் சொல்வேன்: பள்ளிகள் திறந்து வாகனங்கள் குறைந்திருக்கும், பகலும் போதிய நீளம். சில ஆண்டுகளில் காட்டுத்தீப் புகை சூழ்வது மட்டுமே அதன் குறை.

முகாமில் கூடாரம் போடும் இடம் பற்றி ஒரு சொல். மரத்தடி மெத்தென்று இருக்கும், இருளும் அங்கே ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். இரவில் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே பனி மேலேறி வருவதால், மேகமே இல்லாத வானத்தின் கீழ் படுத்தவருக்கும் விடியற்காலையில் கூடாரத்தின்மேல் மழைபோலச் சொட்டுவது கேட்கும். முதலில் அதைக் கேட்டபோது நான் பதறி எழுந்து, வெளியே கிடந்த காலணிகளை உள்ளே இழுத்தேன். சாலையில் போய் நின்றபோது தார் காய்ந்தே கிடந்தது. மரங்களின் கீழ் மட்டும் நனைந்திருந்தது.